சில்லுக்குக் கிடைக்கும் காற்று பிள்ளைக்குக் கிடைக்கிறதா?

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் காலை ஏழு மணிக்கு வேலை நேரம் மாறும்போது பேருந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் சாலையை நிறைத்துவிடும். 1972இல் தொடங்கிய இந்தத் தடையற்ற வாணிப வட்டாரத்தில்தான் பினாங்கின் மின்னணுத் தொழில் வளர்ந்தது. இங்குள்ள சில தொழிற்சாலைகளில், தலை முதல் கால் வரை வெள்ளை உடை போர்த்திக்கொண்டுதான் உள்ளே போகமுடியும். முகத்தில் கவசம், கையில் உறை, காலில் தனிக் காலணி. இவ்வளவும் தொழிலாளியைப் பாதுகாக்க என்று நினைத்தால் தவறு. தொழிலாளியின் தலைமுடியிலிருந்தும் தோலிலிருந்தும் உதிரும் தூசு, மேசைமேல் இருக்கும் சில்லில் விழுந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

அந்தத் தூய்மை அறைகளுக்கு வகுப்பு உண்டு. நூறாம் வகுப்பு அறை என்றால், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரான் அல்லது அதைவிடப் பெரிய தூசு நூறுக்கு மேல் இருக்கக்கூடாது. அரை மைக்ரான் என்பது தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை எண்ணுவதற்கே கருவி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை கூடினால் எச்சரிக்கை மணி, விசாரணை, அறிக்கை எல்லாம் உண்டு.

அந்த அறையில் எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ நின்றுவிட்டு, சுங்கை ஆராவிலோ ரெலாவிலோ பாயான் பாருவிலோ இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு தாய் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் தூங்கும் அறையில் ஜன்னல் சாத்தியிருக்கிறது. கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருள் புகைந்துகொண்டிருக்கிறது. துணி அலமாரியில் அந்துருண்டை வாசம். சுவர் மூலையில் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருக்கிறது. சின்னவனுக்கு இரவானால் இருமல். "பனி சேரவில்லை" என்று பாட்டி சொல்லுவார். இந்த அறையின் காற்றை எண்ணிப் பார்க்க மட்டும் யாரும் வருவதில்லை.

கெட்ட காற்று என்றதும் நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது தொழிற்சாலைக் குழாயும், துன் டாக்டர் லிம் சொங் இயூ விரைவுச்சாலையில் முட்டி நிற்கும் கார்களும், சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டமும்தான். அவை கெட்டவைதான், சந்தேகமில்லை. ஆனால் வெளிக்காற்றைச் சுற்றுச்சூழல் துறை அளக்கிறது. மிண்டனிலும் பாலிக் பூலாவிலும் அளவு நிலையங்கள் இருக்கின்றன. அலுவலகக் காற்றுக்கும் விதி உண்டு. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010இல் வெளியிட்ட நெறிமுறை, குளிரூட்டப்பட்ட வேலையிடத்தில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டக்கூடாது, ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்றெல்லாம் வரையறுக்கிறது. வீட்டுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. வீட்டுக்குள் எந்த அதிகாரியும் வந்து அளக்கவும் முடியாது. அங்கே அதிகாரி, குடும்பத்தில் இருப்பவர்கள்தான்.

ஒரு சுருள், எத்தனை சிகரெட்?

முதலில் கொசுவத்தியைப் பார்க்கலாம். ஏனென்றால் மலேசியச் சூழலில் இதைவிட நன்றாக அளக்கப்பட்ட பொருள் வேறில்லை. 2003இல் அமெரிக்க, மலேசிய ஆய்வாளர்கள் சேர்ந்து சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் கொசுவத்திகளை எரித்துப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜமால் ஹாஷிம் அக்குழுவில் ஒருவர். ஒரே ஒரு சுருள் முழுதாக எரிந்தால், அது விடும் நுண்தூசின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்தால் வரும் தூசுக்குச் சமம் என்று அவர்கள் கண்டார்கள். ஒரு பெட்டியில் இருபது சிகரெட் என்று கொண்டால், இது ஏறக்குறைய நான்கு முதல் ஏழு பெட்டி. பார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயுவில் 51 சிகரெட்டுகள் வரை சமம்.

வீட்டில் யாராவது குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிகரெட் பற்றவைத்தால் சண்டையே வந்துவிடும். அதே குழந்தையின் கட்டிலுக்கு அடியில் சுருளை வைப்பதைப் பாசம் என்று நினைக்கிறோம்!

இதில் கவனிக்கவேண்டியது, கொசுவை விரட்டும் மருந்து அந்தச் சுருளில் மிகமிகச் சிறிய பங்கு. மற்றதெல்லாம் மரத்தூள், தேங்காய்ச் சிரட்டைத் தூள், பசை, சாயம். மருந்தை மெதுவாக ஆவியாக்குவதற்காக இவற்றை எட்டு மணி நேரம் கனியவைக்கிறோம். கொழுந்துவிட்டு எரிந்தால் புகை குறையும், கனியும்போதுதான் அதிகம். அதுவும் சாத்திய அறையில்.

"அப்படியானால் கொசு கடிக்கட்டுமா? டிங்கி வந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. டிங்கி உயிரைக் கொல்லும் நோய், பினாங்கில் அது இல்லாத ஆண்டே இல்லை. ஆனால் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. விடிந்த சிறிது நேரத்திலும், பொழுது சாயும் நேரத்திலும் அதன் ஆட்டம் உச்சம். இரவு பதினொரு மணிக்குச் சுருள் ஏற்றிவைப்பது டிங்கிக்கு எதிரான ஆயுதமே அல்ல. அது காதருகே ரீங்காரமிடும் வேறு கொசுவுக்கு. டிங்கிக்கான வேலை, பூந்தொட்டித் தட்டிலும் குளியலறை வாளியிலும் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவுவதில் இருக்கிறது. இரவுக் கொசுவுக்குக் கொசுவலை இருக்கிறது. ஜன்னலுக்கு ஒட்டும் வலை மலிவாகக் கிடைக்கிறது. வலை போட்ட ஜன்னலைத் திறந்துவைக்கலாம் என்பதுதான் இதில் இரட்டை லாபம்.

மின்சாரத்தில் செருகும் திரவ மருந்தில் புகைத் தூசு இல்லை. அதனால் சுருளைவிடப் பரவாயில்லை. ஆனாலும் அது பூச்சிமருந்துதான். கைக்குழந்தை தூங்கும் சாத்திய அறையில் இரவு முழுக்க எரியவிடுவதற்கான பொருளல்ல.

பூசை அறைப் புகை

அடுத்துச் சொல்வது சிலருக்குக் கசக்கும். வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணி போடாமல் நம் வீடுகள் கிடையாது. ஊதுபத்தி, கற்பூரம், குங்கிலியம் எல்லாம் வழிபாட்டோடு ஒட்டியவை. ஆனால் நுரையீரலுக்கு எந்தப் புகை எந்தச் சாமிக்கு என்று தெரியாது. ஊதுபத்தி ஒரு கிராம் எரிந்தால் வரும் நுண்தூசு, சிகரெட் ஒரு கிராம் எரிந்தால் வருவதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 61,000க்கும் மேற்பட்ட சீனர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2008இல் வெளிவந்தது. வீட்டில் நீண்ட காலம் ஊதுபத்தி ஏற்றியவர்களிடம் மூக்கு, வாய், தொண்டை சார்ந்த சிலவகைப் புற்றுநோய்கள் கூடுதலாக இருந்ததாக அது சொல்லிற்று. புகைக்காதவர்களிடமும் அப்படியே.

இதற்காக வழிபாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை யாரும். பழைய வீட்டில் சாம்பிராணி போட்டபோது புகை போக வழி இருந்தது. நடுமுற்றம் இருந்தது; ஓட்டுக் கூரை இடுக்கு இருந்தது; ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில்கூட நடுவில் வானம் தெரியும் காற்றுக்கிணறு உண்டு. தோட்டப்புற லயத்து வீடுகளில் பலகைச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்று புகுந்து புறப்படும். இன்று அதே அளவு சாம்பிராணியை, பதினைந்தாவது மாடியில், மூன்று பக்கம் சுவர் அடைத்த வீட்டில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே இருக்கும் பலகைப் பூசையிடத்தில் போடுகிறோம். வழக்கம் மாறவில்லை, வீடுதான் மாறிவிட்டது.

ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஏற்றலாம். ஐந்து பத்திக்கு ஒரு பத்தி போதும். சாம்பிராணித் தட்டை வீடெங்கும் காட்டி முடித்ததும் வெளித் தாழ்வாரத்தில் வைத்துவிடலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளையை அந்த அரைமணி நேரம் கீழே விளையாட அனுப்பலாம். அகல் விளக்கு ஏற்றுவதால் இவ்வளவு புகை வருவதில்லை.

ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடவேண்டும். அலமாரியில் போடும் நாப்தலீன் அந்துருண்டை. மலேசிய மருத்துவமனைகளில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு உண்டா என்று பார்ப்பது வழக்கம். குறைபாடு இருந்தால் தாயிடம் ஒரு தாளைக் கொடுத்து, தவிர்க்கவேண்டியவற்றைச் சொல்லி அனுப்புவார்கள். அதில் அந்துருண்டை கட்டாயம் இருக்கும். அதன் ஆவி பட்ட துணியை அப்படிப்பட்ட குழந்தைக்குப் போர்த்தினால் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள்காமாலை முற்றி, மூளையையே பாதிக்கலாம். குறைபாடு இல்லாத பிள்ளைக்கும் அது வேண்டாத நஞ்சுதான். பாட்டி வீட்டுப் பெட்டியில் பல ஆண்டு உருண்டையோடு கிடந்த தொட்டில் துணியை வெயிலில் காயவைத்து, துவைத்து, மீண்டும் காயவைக்காமல் பயன்படுத்தவே கூடாது.

தாளிக்கும் நேரம்

காய்ந்த மிளகாயைத் தாளிக்கும்போது வீடே இருமுகிறது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, சிரித்துவிட்டுப் போய்விடுவோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப்பெரும்பாலோர் விறகும் சாணமும் கரியும் எரித்துச் சமைக்கும் ஏழை நாட்டு மக்கள். ரப்பர் விறகில் சமைத்த நம் தோட்டப்புறத் தாய்மார்களின் இருமலை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணிக்கை புரியும். எரிவாயு அடுப்பு வந்தது பெரிய விடுதலை, மறுப்பதற்கில்லை.

ஆனால் எரிவாயுச் சுடரிலிருந்தும் நைட்ரஜன் டை ஆக்சைடு வருகிறது. அது ஆஸ்துமாவைக் கிளறும். எண்ணெய் நன்றாகச் சூடேறிப் புகைவிடும்போது எழும் ஆவியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் 2010இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. வடை, வாழைக்காய் பஜ்ஜி, பொரித்த மீன், சம்பல் வதக்கல் என்று வாணலி இறங்காத சமையலறைகளுக்கு இது பொருந்தும்.

புதிய அடுக்குமாடிகளில் அடுப்புக்கு மேலே அழகான புகைபோக்கி வைத்துக் கொடுக்கிறார்கள். அதன் குழாய் எங்கே போகிறது என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? சிலவற்றில் குழாயே இருக்காது. இழுத்த புகையை ஒரு கரி வடிகட்டி வழியாக அனுப்பித் திரும்ப சமையலறைக்குள்ளேயே விட்டுவிடும். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் குறையும், வாயு அப்படியே இருக்கும். சுவரைத் துளைத்து வெளியே போகும் விசிறி, விலை குறைவானாலும் இதைவிடச் சிறந்தது. இழுக்கிறதா என்று அறிய மெல்லிய காகிதத் துண்டைக் காட்டிப் பார்க்கலாம். அது கம்பியில் ஒட்டி நிற்கவேண்டும். ஒட்டாவிட்டால் இறக்கைகளில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டுப் பாருங்கள். அடுப்பைப் பற்றவைக்கும்போதே விசிறியையும் போடவேண்டும், அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓடவேண்டும். வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர ஒரு ஜன்னல் எதிர்ப்பக்கம் திறந்திருக்கவேண்டும். இல்லையென்றால் விசிறி சத்தம் மட்டும்தான் போடும்.

குளிரூட்டி புதுக்காற்று தருகிறதா?

வீடுகளில் இருக்கும் மிகப்பெரிய தவறான நம்பிக்கை இதுவாகத்தான் இருக்கும். குளிரூட்டியின் ஒரு பாதி வெளியே தொங்குவதால் அது வெளிக்காற்றை இழுத்துக் குளிரவைத்து உள்ளே விடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டுக்கும் நடுவே ஓடுவது குளிர்வாயுக் குழாய் மட்டுமே. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் அது இரவெல்லாம் திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது.

ஒரு சிறு கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒன்பது அடி உயரம். கொள்ளளவு சுமார் 30 கன மீட்டர், அதாவது 30,000 லிட்டர் காற்று. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குப் பன்னிரண்டு லிட்டருக்குச் சற்றுக் கூடக்குறைய கரியமில வாயுவை வெளிவிடுகிறார். இருவர் என்றால் ஏறத்தாழ 25 லிட்டர். வெளிக்காற்றில் அந்த வாயு இப்போது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. காற்றுக் கசிவே இல்லாத அறையானால் ஒரு மணி நேரத்திலேயே 800 பங்குக்கு மேல் கூடி, அலுவலகங்களுக்கு வைத்த 1,000 என்ற வரம்பைத் தாண்டிவிடும். கதவிடுக்கில் கொஞ்சம் கசிவதால் உண்மையில் இவ்வளவு விரைவாக ஏறாது. ஆனாலும் இடுக்குகளை அடைத்த அறையில் விடியுமுன் 2,000ஐத் தொடுவது அபூர்வமல்ல. இந்த அளவு உயிருக்கு ஆபத்தில்லை. காலையில் எழும்போது தலை கனப்பதும், எட்டு மணி நேரம் தூங்கியும் தூங்காததுபோல் இருப்பதும் இதனால் இருக்கலாம். அதைவிட முக்கியமானது, அந்த வாயு தங்குகிறதென்றால் சளிக்கிருமியும், ஒட்டுப்பலகை அலமாரி விடும் பார்மால்டிஹைடும், புதுச் சாயத்தின் ஆவியும் எல்லாமே தங்குகின்றன என்று பொருள்.

அறைக்கதவை ஒரு கையளவு திறந்துவைப்பதே பெரிய மாற்றம் தரும். மின்கட்டணம் கொஞ்சம் ஏறும். அதற்கு வெப்பநிலையை ஒரு பாகை கூட்டி, சுழல்விசிறியையும் போட்டுக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும், சாலையில் நெரிசல் தொடங்குமுன், வீட்டின் இரு பக்க ஜன்னல்களையும் இருபது நிமிடம் திறந்துவிடுவது நல்லது. ஒரு பக்க ஜன்னலை மட்டும் திறந்தால் காற்று வாசலில் எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும். புதிய வீட்டுக்குக் குடிபோகும்போது ஒட்டுப்பலகை அலமாரிகளைச் சில வாரம் கதவு திறந்து காற்றாடவிட்டு, பிறகு குடிபுகுவதும் அறிவுடைமை. நல்ல நாள் பார்க்கும் குடும்பங்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி பூசணம். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க எண்பது விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை கொட்டும்போது துணியை வீட்டுக்குள் காயப்போடாத அடுக்குமாடி வீடு கிடையாது. ஒரு வாளித் துணியிலிருந்து ஓரிரு லிட்டர் நீராவது வீட்டுக் காற்றில் கலக்கிறது. அது குளிர்ந்த அறையின் சுவரில், அலமாரிக்குப் பின்னால், மெத்தைக்கு அடியில் படிகிறது. பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா எல்லாம் கூடுதல் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் தொகுத்துச் சொல்லியிருக்கிறது. அதற்குமேல் சாயம் அடித்து மறைப்பதால் பயனில்லை. ஆறு மாதத்தில் மீண்டும் எட்டிப்பார்க்கும். ஒழுகும் குழாயை அடைப்பது, அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிவைப்பது, துணியை விசிறி ஓடும் பால்கனிப் பக்கம் காயவைப்பது ஆகியவைதான் வேரைப் பிடுங்கும் வேலைகள். இருக்கும் பூசணத்தைச் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவி உலரவிடலாம். வெளுப்புத் திரவம் பயன்படுத்தினால், கழிவறை கழுவும் அமிலத்தோடு அதை ஒருபோதும் கலந்துவிடக்கூடாது. கலந்தால் குளோரின் வாயு எழும். சின்னக் குளியலறையில் அது மருத்துவமனைக்கு அனுப்பிவிடும்.

இந்த ஈரத்தில் வாழும் இன்னொன்று மெத்தைப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாத தூசுப் பேன். இந்த வட்டாரத்தில் ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் முதன்மையான தூண்டுகோல்களில் ஒன்று. தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பதும், மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டுவதும் அதைக் குறைக்கும். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலிமேல் தலையணை காய்ந்தது. அடுக்குமாடிக்கு வந்தபிறகு அந்த வழக்கம் காணாமல் போய்விட்டது. சில நிர்வாகங்கள் பால்கனியில் எதையும் காயப்போடக்கூடாது என்று தடைகூட விதிக்கின்றன. கட்டடத்தின் அழகைப் பார்ப்பவர்கள், உள்ளே இருப்பவர்களின் மூச்சையும் கொஞ்சம் பார்க்கலாம்.

செடி, கருவி, விற்பனையாளர்

படுக்கையறையில் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். 1989இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பிய நம்பிக்கை இது. அந்தச் சோதனை நடந்தது காற்றுப்புகாத சிறு பெட்டிக்குள். இத்தகைய சோதனைகளையெல்லாம் 2019இல் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், சாதாரணமாக வீட்டுக்குள் புகுந்து வெளியேறும் காற்று செய்யும் வேலையைச் செடி செய்யவேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி, கூடினால் ஆயிரம் செடி வேண்டும் என்றார்கள். செடி கண்ணுக்கு அழகு. அவ்வளவுதான். தொட்டித் தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸுக்கும் வீடு.

காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகள் வேறு கதை. 'ஹெப்பா' வடிகட்டி உள்ள கருவி 0.3 மைக்ரான் தூசில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். தூய்மை அறைகளின் கூரையில் இருப்பதும் இந்தக் குடும்பத்து வடிகட்டிதான். ஆனால் அறைக்கு ஏற்ற அளவு வேண்டும். மேலே சொன்ன 30 கன மீட்டர் அறையின் காற்று மணிக்கு ஐந்து முறையாவது கருவிக்குள் போய்வர வேண்டுமானால், அது மணிக்கு 150 கன மீட்டர் தூய காற்றைத் தரவல்லதாக இருக்கவேண்டும். பெட்டியில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்க்காமல், விளக்கு நிறம் மாறுகிறது, வாசனை வருகிறது என்று வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். கரியமில வாயுவை இது குறைக்காது. ஆகவே ஜன்னலுக்கு இது மாற்றல்ல. ஓசோன் விடும் கருவியை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்கவேண்டாம். ஓசோன் நுரையீரலை அரிக்கும் வாயு. வீட்டுக்கே வந்து மெத்தைத் தூசை உறிஞ்சிக் காட்டிப் பயமுறுத்தி, தவணையில் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கருவியைத் தலையில் கட்டுபவர்களிடமும் எச்சரிக்கை தேவை. அவர்கள் காட்டும் தூசு உண்மைதான். அதற்கு மருந்து பெரும்பாலும் வாளியும் ஈரத்துணியும் வெயிலும்.

வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் மேற்சொன்ன எதுவும் பலிக்காது. ஜன்னலோரம் நின்று பிடிப்பதும், குளியலறையில் பிடிப்பதும் ஒன்றுதான். சில அடுக்குமாடிகளில் குளியலறைக் காற்றுக்குழாய் வழியாக மேல்வீட்டுப் பிள்ளைக்குப் போகும்.

புகைமூட்டம் வரும்போது

இதுவரை சொன்ன அறிவுரை எல்லாம் 'ஜன்னலைத் திற' என்றது. ஆனால் ஆண்டின் சில வாரங்களில் அதுவே தவறாகிவிடும். 1997, 2005, 2013, 2015, 2019 என்று நாட்டைத் திணறடித்த ஆண்டுகளை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூனில் மூவாரில் அது 746. 2019 செப்டம்பரில் பினாங்கிலும் பள்ளிகள் மூடப்பட்டன. அந்தப் பழைய எண்களை இன்றைய எண்களோடு அப்படியே ஒப்பிடக்கூடாது. 2018க்கு முன் கணக்கில் சேர்க்கப்பட்டது பத்து மைக்ரான் வரையிலான தூசு. நுரையீரலின் அடிவரை இறங்கும் இரண்டரை மைக்ரான் தூசு அதன்பிறகுதான் கணக்குக்கு வந்தது.

குறியீடு 100ஐத் தாண்டினால் உடல்நலத்துக்குக் கேடு, 200ஐத் தாண்டினால் மிகக் கேடு, 300க்கு மேல் அபாயம். அந்த நாள்களில் வீடு முழுவதையும் காப்பாற்ற முயல்வதைவிட ஓர் அறையைக் காப்பாற்றுவது எளிது. பிள்ளைகளும் முதியவர்களும் தூங்கும் அறையைத் தேர்ந்தெடுத்து, ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளை அடைத்து, சுத்திகரிப்புக் கருவி இருந்தால் அங்கேயே வைத்துவிடவேண்டும். அந்த நாள்களில் பொரிப்பதும், சாம்பிராணியும், சுருளும் அறவே கூடாது. வெளியே போக வழியில்லாத வீட்டில் அவை இரட்டிப்புக் கேடு. தரையைப் பெருக்கினால் படிந்த தூசு மீண்டும் எழும். ஈரத்துணியால் துடைக்கவேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களின் உறிஞ்சு மருந்து தீர்ந்துபோகாமல் முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ளவேண்டும். அகப்பட்ட துணியை முகத்தில் கட்டிக்கொள்வதால் நுண்தூசு நிற்காது. என்95 கவசம் முகத்தோடு ஒட்டினால்தான் பயன்.

எப்போது ஜன்னலைத் திரும்பத் திறப்பது? குறியீட்டில் தூசுக்கான கணக்கு 24 மணி நேரச் சராசரி. எனவே காலையில் காற்று மோசமாகத் திரும்பினாலும் எண் உடனே ஏறாது. மழை பெய்து காற்று தெளிந்தபிறகும் எண் உடனே இறங்காது. கைத்தொலைபேசியில் எண்ணைப் பார்ப்பதோடு, மூக்கையும் கண்ணையும் கேட்டுக்கொள்ளலாம். பாயான் லெப்பாஸ் கடலோர மாடிவீடுகளில் இருப்பவர்களுக்கு ஓர் இயற்கை அளவுகோல் எதிரிலேயே இருக்கிறது. புகைமூட்டம் அடர்ந்த நாளில் ஜெரெஜாக் தீவு மறைந்துவிடும். கொஞ்சம் தெளியும்போது சாம்பல் நிறத்தில் ஒரு முதுகுபோலத் தெரியும். அதன் மரங்கள் பச்சையாகத் தனித்தனியே தெரியத் தொடங்கி, எரிந்த வாடையும் இல்லாமல் இருந்தால், எண் இன்னும் நூறைச் சுற்றி நின்றாலும், இரு பக்க ஜன்னல்களையும் திறந்து, ஒரு வாரமாக அடைபட்டுக் கிடந்த காற்றை வெளியே விடலாம்.